மூலநிரலின் ஒரு பகுதிக்குள் மட்டும் எச்சரிக்கைகளைக் கட்டுப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய இடங்களில் நிரலாக்கம் கற்கும் மாணவர்களும், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் சிறு வணிகங்களுக்கும் மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் கம்பைலர் எனப்படும் தொகுப்பானின் எச்சரிக்கைகளைப் பற்றி எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. உதாரணங்கள் பெரும்பாலும் கொழுந்து நிறுவையையும் செக்ரோல் எனப்படும் தோட்டத் தொழிலாளர் சம்பளப் பதிவேட்டுக் கணக்கையும் ஒட்டியவை. கட்டளைகளும், தொகுப்பானுக்குக் கொடுக்கும் தேர்வுகளும் (ஆப்ஷன்கள்) ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

நிரல் தொகுக்கப்பட்டு ஒழுங்காக ஓடுகிறது. அப்படியிருக்க எச்சரிக்கைகளை ஏன் பொருட்படுத்த வேண்டும்?

மொழியின் விதியை மீறிய நிரலைத் தொகுப்பான் பிழை என்று நிறுத்திவிடும். விதிக்குள் நின்றபோதும், எழுதியவர் எண்ணியதைச் செய்யாமல் போகக்கூடிய நிரலுக்கே அது எச்சரிக்கை தருகிறது. பணத்தைத் தொடும் மென்பொருளில் அதிகத் தீங்கு செய்வது இந்த இரண்டாவது வகைதான், ஏனெனில் நிரல் ஓடிக்கொண்டேயிருக்கும், தவறும் கூடவே நடந்துகொண்டிருக்கும்.

ஒரு தொழிலாளியின் கொழுந்து, அதை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் காலையில் 6.8, பகலில் 7.5, மாலையில் 5.9 கிலோ என நிறுக்கப்படுகிறது என்று கொள்வோம். மொத்தம் 20.2 கிலோ. தராசிலிருந்து தசம எண்களுக்கான டபிள் வகையில் வரும் அந்த எண்களை ஒவ்வொன்றாக, முழு எண்களுக்கான இன்ட் வகை மாறியில் இட்டால் சி மொழி தசமப் பகுதியை வெட்டிவிடும். 6, 7, 5 என்று கூடி 18 மட்டுமே எஞ்சும். நாட்சம்பளத்துக்காக அன்று பறிக்க வேண்டிய எல்லை 18 கிலோவாக இருந்தால், 2.2 கிலோ மேலதிகக் கொழுந்துக்குரிய காசு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மறைந்துவிடும். ஜிசிசி தொகுப்பானில் -டபிள்யூஓல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா ஆகிய இரண்டையும் இட்டாலும் இதைப் பற்றி அது பேசாது. -டபிள்யூகன்வர்ஷன் அல்லது -டபிள்யூஃப்ளோட்கன்வர்ஷன் என்று வெளிப்படையாகக் கேட்டால்தான் சொல்லும்.

எச்சரிக்கை வராததாலேயே கணக்குச் சரி என்று கொள்ளவும் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம். அதை நிரலில் முழு எண்களாக 8/100 என்று எழுதினால் விடை பூச்சியம். அதற்கு ஜிசிசி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

எச்சரிக்கைகள் அவ்வளவு முக்கியமென்றால், அவற்றை அணைக்கும் வசதி எதற்கு?

நாம் திருத்த முடியாத நிரலும் நம் நிரலோடு சேர்ந்தே தொகுக்கப்படுகிறது என்பதுதான் முதற்காரணம். தராசுக் கருவியோடு வரும் தலைப்புக் கோப்பு (ஹெடர்) ஒன்று நூறு எச்சரிக்கைகளைக் கொட்டினால், நம் சம்பளக் கணக்கில் எழும் ஒரேயொரு எச்சரிக்கை அவற்றுக்குள் புதைந்துபோகும். சில நாள்களில் யாரும் அந்தப் பட்டியலைப் படிக்கவே மாட்டார்கள். ஆகவே தேவையற்றதை அதன் இடத்திலேயே அடக்குவது, தேவையானது கண்ணில் படுவதற்காகத்தான்.

ஆனால் அணைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். மாற்றம் வேண்டுமென்றே செய்யப்படுகிறதென்றால் வகைமாற்றத்தை வெளிப்படையாக எழுதுங்கள். -டபிள்யூகன்வர்ஷன் அத்தோடு அடங்கும், படிப்பவருக்கும் உங்கள் எண்ணம் தெரியும். சி பிளஸ் பிளஸ் 17இலும் சி23இலும் பயன்படாத மாறிக்கு மேபி_அன்யூஸ்ட் என்ற பண்புக்குறியும், சுவிட்ச் அமைப்பில் அடுத்த கேஸுக்கு வழுக்கிச் செல்வதற்கு ஃபோல்த்ரூ என்ற பண்புக்குறியும் உள்ளன. இவை எச்சரிக்கையை மறைப்பவையல்ல. அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்பவை.

ஜிசிசியில் ஒரு பகுதிக்கு மட்டும் எச்சரிக்கையை அணைப்பது எவ்வாறு?

பிராக்மா எனப்படும், தொகுப்பானுக்கு அறிவுறுத்தல் தரும் மூன்று வரிகள் வேண்டும். முதல் வரி நடப்பு நிலையைச் சேமிக்கிறது, இரண்டாவது வரி குறிப்பிட்ட எச்சரிக்கையை அணைக்கிறது, மூன்றாவது வரி சேமித்த நிலைக்குத் திரும்புகிறது.

#பிராக்மா ஜிசிசி டயக்னொஸ்டிக் புஷ்
#பிராக்மா ஜிசிசி டயக்னொஸ்டிக் இக்னோர்ட் "-டபிள்யூகன்வர்ஷன்"
அணைக்கப்பட வேண்டிய வரிகள் இங்கே
#பிராக்மா ஜிசிசி டயக்னொஸ்டிக் பொப்

எச்சரிக்கையின் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேர்வுக்கு உட்பட்ட ஒவ்வோர் எச்சரிக்கையின் முடிவிலும் ஜிசிசி அதற்குரிய தேர்வின் பெயரைச் சதுர அடைப்புக்குள் அச்சிடுகிறது. அதை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் இடலாம். டயக்னொஸ்டிக் பிராக்மா ஜிசிசி 4.2இல் வந்தபோது அதைச் சார்புகளுக்கு (ஃபங்ஷன்களுக்கு) வெளியே மட்டுமே இட முடிந்தது; புஷ், பொப் இரண்டும், சார்புக்கு உள்ளேயே இடும் வசதியும் 2011இல் வெளியான 4.6இல் சேர்ந்தன. பழைய பாடக் குறிப்புகளில் இதற்கு நேர்மாறாக எழுதியிருப்பதைக் கண்டால் காரணம் இதுதான்.

அணைக்க மட்டுமே முடியுமா? ஒரு பகுதியில் கண்டிப்பைக் கூட்டவும் முடியுமா?

முடியும். இந்த வசதியின் இந்தப் பக்கம்தான் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. இக்னோர்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக வோர்னிங் என்று இட்டால், கட்டளை வரியில் கேட்கப்படாத எச்சரிக்கைகூட அந்தப் பகுதிக்குள் உயிர்பெறும். எரர் என்று இட்டால் அது பிழையாகவே மாறித் தொகுப்பை நிறுத்தும்.

மடுவத்து நிறுவை, மேலதிகக் கொழுந்து, சேமலாப நிதிக் கழிவு ஆகியவற்றைக் கணிக்கும் சார்புகளைச் சுற்றி ஒரு புஷ் இட்டு, -டபிள்யூஃப்ளோட்கன்வர்ஷன் தேர்வை எரர் நிலைக்கு உயர்த்தி, கணக்கு முடியும் இடத்தில் பொப் இடுங்கள். திரையில் எழுத்துகளைக் காட்டும் பகுதியில் வகைமாற்ற எச்சரிக்கைகள் ஒருவேளை வெறும் தொல்லையாக இருக்கலாம், ஆனால் ஒருவரின் நாட்சம்பளத்தைக் கணிக்கும் பகுதியில் அவற்றில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. முழுத் திட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கும்போது, தொல்லை தாங்காமல் அந்த அளவுகோலைத் தளர்த்திவிடுகிறோம்; தளர்ச்சி சம்பளக் கணக்குக்கும் போய்ச் சேர்கிறது. பகுதிவாரியாகக் கட்டுப்படுத்தினால் அந்த நிர்ப்பந்தம் எழுவதில்லை. எல்லா எச்சரிக்கைகளையும் இவ்வாறு மாற்ற முடியாது. பொதுவாக டபிள்யூ எழுத்தில் தொடங்கும் தேர்வுகளுக்கு உட்பட்டவையே மாறும், அவற்றிலும் சில விதிவிலக்குகள் உண்டு.

பொப் இட மறந்தால் என்ன ஆகும்?

அந்த இடத்திலிருந்து கோப்பின் முடிவு வரை எச்சரிக்கை அணைந்தே இருக்கும். தலைப்புக் கோப்புக்குள் மறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: அந்தக் கோப்பை உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூலக்கோப்பிலும், உள்ளிழுக்கும் வரிக்குப் பின்வரும் எல்லா நிரலுக்கும் அது பரவும். புஷ் இல்லாமல் பொப் மட்டும் வந்தால், ஜிசிசி கட்டளை வரியில் கொடுத்த தேர்வுகளுக்குத் திரும்பிவிடும். ஆகவே புஷ் எழுதும்போதே பொப்பையும் எழுதிவிட்டுப் பின்னர் இடையில் நிரப்புங்கள்.

பிராக்மாவைச் சரியாக இட்டும் எச்சரிக்கை தொடர்ந்து வருகிறது. ஏன்?

எச்சரிக்கை எந்த வரியின் பேரில் அறிவிக்கப்படுகிறதோ அந்த வரியின் நிலையையே தொகுப்பான் பார்க்கிறது. காரணமான வரி வேறாக இருக்கலாம். தொடக்க மதிப்பு இல்லாமல் இருக்கக்கூடிய மாறியைப் பற்றிய -டபிள்யூமேபிஅன்இனிஷியலைஸ்ட் இதற்கு நல்ல சான்று. மாறியை அறிவித்த வரியைச் சுற்றி நாம் பிராக்மா இடுகிறோம். ஜிசிசியோ அந்த மாறி பயன்படும் வரியில் குறை கூறுகிறது. அது, நிரல் வேகமாக ஓடும்படி தொகுப்பான் அதை மேம்படுத்தும் கட்டத்தில் பிறக்கும் எச்சரிக்கை என்பதால், ஒரு சார்பு இன்னொன்றுக்குள் விரிக்கப்படும்போது வரியின் அடையாளம் மேலும் இடம் மாறலாம். மேம்படுத்தாத -ஓ0 தேர்வில் வராதது மேம்படுத்தும் -ஓ2 தேர்வில் வருவதும் இதனால்தான். செய்தியில் உள்ள வரி எண்ணை முதலில் பாருங்கள். தொகுக்கும் முன் வேறு நிரலாக விரியும் பெயரான மேக்ரோவின் விரிவு என்றால் அதன் கீழ் வரும் துணைச் செய்திகளையும் படியுங்கள்.

வேறு சில காரணங்களும் உண்டு. அறிமுகமற்ற பிராக்மாவைப் பற்றிய எச்சரிக்கை நிரல் முன்செயலாக்கப்படும்போதே எழுவதால், ஜிசிசியின் சி பிளஸ் பிளஸ் தொகுப்பானில் அதைப் பிராக்மாவால் அணைக்க நீண்ட காலம் முடியாதிருந்தது. ஜிசிசி 13இல்தான் இது சீரானது. மைக்ரோசொப்ட் தொகுப்பானிலோ வேறொரு விதி உண்டு: எண் 4700 முதல் 4999 வரையான, இயந்திரக் குறியீட்டை ஆக்கும்போது எழும் எச்சரிக்கைகளுக்கு, சார்பின் தொடக்க நெளிவு அடைப்பைச் சந்திக்கும்போது இருந்த நிலையே சார்பு முழுவதற்கும் பொருந்தும். தொடக்க மதிப்பு இல்லாத மாறியைப் பற்றிய சி4700ஐச் சார்புக்கு உள்ளே எத்தனை இடத்தில் அணைத்தாலும் பயனில்லை; சார்புக்கு மேலேயே இட வேண்டும்.

கிளாங் தொகுப்பானுக்குத் தனியாக எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஜிசிசி என்ற பெயரில் உள்ள டயக்னொஸ்டிக் பிராக்மாவைக் கிளாங்கும் ஏற்கிறது. அதற்கு மட்டுமே உரிய எச்சரிக்கை என்றால் ஜிசிசி என்ற சொல்லின் இடத்தில் கிளாங் என்று இடுங்கள். இரண்டையும் பிரித்தறியும் நிபந்தனை எழுதும்போது கிளாங்குக்குரிய மேக்ரோவை முதலில் சோதிக்க வேண்டும், ஏனெனில் ஜிசிசியை அடையாளம் காட்டும் மேக்ரோவைக் கிளாங்கும் வரையறுத்துக்கொள்கிறது.

மைக்ரோசொப்டின் விஷுவல் ஸ்டூடியோவில் எவ்வாறு?

அங்கே எச்சரிக்கைகளுக்கு எண்கள். #பிராக்மா வோர்னிங் என்று எழுதி, வளைவு அடைப்புக்குள் புஷ், டிசேபிள்: 4996, பொப் என்பவற்றைத் தனித்தனி வரிகளில் இட வேண்டும். டிசேபிளுக்குப் பதிலாகச் சப்ரெஸ் என்று இட்டால் அடுத்த ஒரு வரிக்கு மட்டுமே அது செல்லும்; பொப் தேவையில்லை. ஒற்றை வரிக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

முதலாண்டு மாணவர்கள் ஸ்கான்எஃப் சார்பை எழுதியவுடன் சந்திக்கும் சி4996, அந்தச் சார்பு பாதுகாப்பற்றது என்கிறது; திட்டத்தின் அமைப்பைப் பொறுத்து அது பிழையாகவே தொகுப்பை நிறுத்தும். சிஆர்டி_செக்யூர்_நோ_வோர்னிங்ஸ் என்ற மேக்ரோவை, முன்னால் ஓர் அடிக்கோட்டுடன், எல்லாத் தலைப்புக் கோப்புகளுக்கும் முன்பாக வரையறுத்தால் அது அடங்கும். தலைப்புக் கோப்புகளுக்குப் பின் வரையறுத்தால் அடங்காது.

மூன்று தொகுப்பான்களுக்கும் ஒரே நிரலைப் பேணுவது எப்படி?

#பிராக்மா வரியை மேக்ரோவுக்குள் இட முடியாது. அதற்காகவே சி99உம் சி பிளஸ் பிளஸ் 11உம் அடிக்கோட்டில் தொடங்கும் _பிராக்மா என்ற செயற்குறியைத் (ஆபரேட்டரை) தந்தன. அது சரம் ஒன்றை ஏற்று பிராக்மாவாக மாற்றும். மைக்ரோசொப்ட் தொகுப்பானில் இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் __பிராக்மாவும் உண்டு. ஒரே தலைப்புக் கோப்பில் தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றுமாக மேக்ரோக்களை வரையறுத்து, உள்ளே தொகுப்பானுக்கேற்ப நிபந்தனை வைத்தால் மற்றக் கோப்புகள் தூய்மையாக இருக்கும். ஒரு தொகுப்பானின் தேர்வுப் பெயரை மற்றது அறியாவிட்டால் அதற்கும் ஓர் எச்சரிக்கை எழும் என்பதால் நிபந்தனை இன்றியமையாதது.

கருவியோடு வந்த தலைப்புக் கோப்புகளைச் சுற்றி ஒவ்வொரு முறையும் புஷ், பொப் இட வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கோப்புறையைக் கட்டளை வரியில் -ஐ தேர்வுக்குப் பதிலாக -ஐசிஸ்டம் தேர்வால் கொடுங்கள். ஜிசிசியும் கிளாங்கும் அதை முறைமைத் தலைப்பாகக் கருதி, அதற்குள் எழும் பெரும்பாலான எச்சரிக்கைகளை அடக்கிவிடும். சிமேக் என்ற கட்டமைப்புக் கருவியைப் பயன்படுத்துவோர் உள்ளிழுக்கும் கோப்புறைகளை அறிவிக்கும்போது சிஸ்டம் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். விஷுவல் ஸ்டூடியோ 2019இன் 16.10 பதிப்பிலிருந்து /எக்ஸ்டேர்னல் என்று தொடங்கும் தேர்வுகள் இதே வேலையைச் செய்கின்றன. உங்கள் சொந்தத் தலைப்புக் கோப்புகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஜாவாவில் என்ன வழி?

சப்ரெஸ்வோர்னிங்ஸ் என்ற குறிப்பு ஜாவா 5 முதல் உள்ளது. வகுப்பு, முறை, மாறி அறிவிப்பு ஆகியவற்றின் மேல் இடலாம். தனியான கூற்றின் மேல் இட முடியாது. ஆகவே ஒரேயொரு வகைமாற்றத்துக்காக முழு முறையையும் மூடிவிடாமல், அந்த மாற்றத்தின் விளைவை உள்ளூர் மாறி ஒன்றில் இட்டு, அதன் அறிவிப்பின் மேல் அன்செக்ட் என்ற குறிப்பை வையுங்கள். ஜாவா 9 முதல், நீக்கப்படவிருக்கும் வசதிகளுக்கான எச்சரிக்கையை டெப்ரிகேஷன் என்ற சொல் அடக்காது. ரிமூவல் என்று தனியாகக் கேட்க வேண்டும். அந்த வசதி உண்மையாகவே போய்விடும் என்பதால் இப்பிரிப்பு சரியானது.

சி ஷார்ப்பில்?

#பிராக்மா வோர்னிங் டிசேபிள், பின்னர் ரெஸ்டோர். இரண்டிலும் எண்ணைக் குறிப்பிடுங்கள்; டிசேபிளில் எண்ணை விட்டுவிட்டால் எல்லா எச்சரிக்கைகளும் அணையும். சப்ரெஸ்மெஸேஜ் என்ற பண்புக்குறி பகுப்பாய்விகளின் செய்திகளுக்கானது. தொகுப்பானின் சொந்த எச்சரிக்கைகளை அது அடக்காது.

ரஸ்ட் மொழி இதில் மேம்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை என்றே நானும் கருதுகிறேன். அலவ், வோர்ன், டினை, ஃபோபிட் என நான்கு நிலைகளைச் சார்பு, வகுதி (மொடியூல்) முதலிய எதன் மேலும் பண்புக்குறியாக இடலாம். எல்லை அந்த அமைப்போடு தானாக முடிவதால், பொப் மறக்கும் சிக்கலே எழாது. ஃபோபிட் இட்ட இடத்துக்குள் யாரும் அலவ் இட்டுத் தளர்த்த முடியாது. சம்பளக் கணக்கு வகுதிக்கு இது பொருத்தமானது. 2024 செப்டெம்பரில் வந்த 1.81 பதிப்பு எக்ஸ்பெக்ட் என்ற ஐந்தாவதையும், காரணத்தை ரீசன் என்று பண்புக்குறிக்குள்ளேயே எழுதும் வசதியையும் நிலைப்படுத்தியது. எக்ஸ்பெக்ட் இட்ட இடத்தில் எதிர்பார்த்த எச்சரிக்கை எழாவிட்டால் தொகுப்பான் அதையே சுட்டிக்காட்டும்; தேவை தீர்ந்த அடக்கும் குறிப்பு நிரலில் தங்கிவிடாது. வெளியிலிருந்து தரவிறக்கும் நூலகங்களின் எச்சரிக்கைகளை ரஸ்டின் தொகுப்புக் கருவியான கார்கோ தானாகவே அடக்கிவிடுகிறது.

எல்லா எச்சரிக்கைகளையும் -டபிள்யூஎரர் மூலம் பிழையாக்கிவிடலாமா?

குழுவுக்குள் பயன்படுத்தலாம், வெளியிடும் நிரலின் கட்டமைப்புக் கோப்பில் வேண்டாம். அட்டனில் ஒருவரின் மடிக்கணினியில் ஜிசிசி 9 இருக்கும், பதுளையில் இன்னொருவரிடம் ஜிசிசி 13 இருக்கும். புதிய பதிப்பு புதிய எச்சரிக்கைகளைக் கொண்டுவருவதால், ஒருவரிடம் தொகுக்கும் நிரல் மற்றவரிடம் நின்றுவிடும். வாரக் கடைசியில் செக்ரோல் கணக்கை முடிக்கத் தொழிற்சாலை அலுவலகத்தில் காத்திருப்பவருக்கு அது நியாயமாகாது. -டபிள்யூஎரர்= என்று எழுதிக் குறிப்பிட்ட எச்சரிக்கைகளை மட்டும் பிழையாக்குவதே உறுதியான வழி. மாறாக எல்லாவற்றையும் பிழையாக்கிவிட்டுச் சிலவற்றை விலக்க -டபிள்யூநோஎரர்= உண்டு.

அணைத்ததற்கான காரணத்தை எங்கே எழுதுவது? தமிழில் எழுதலாமா?

புஷ் வரிக்கு நேர் மேலே எழுதுங்கள்: எந்த எச்சரிக்கை, ஏன் இங்கே தீங்கற்றது, எப்போது நீக்கலாம் என்ற மூன்றும் போதும். "தராசு நூலகத்தின் அடுத்த பதிப்பில் இந்தச் சார்பு மாறும், அப்போது நீக்கவும்" என்ற ஒரு வரி, பின்னால் வருபவரின் அரைநாள் உழைப்பைக் காக்கும். குழுவினர் அனைவரும் தமிழ் வாசிப்பவர்கள் என்றால் தாராளமாகத் தமிழிலேயே எழுதலாம். சிங்கள மொழி நண்பர்களும் சேர்ந்து உழைக்கும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவான மொழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். ஜிசிசியும் கிளாங்கும் அதையே எதிர்பார்க்கின்றன. மைக்ரோசொப்ட் தொகுப்பானுக்கு /யூடிஎஃப்-8 தேர்வைக் கொடுங்கள், இல்லையேல் எழுத்துக்குறிமுறை பற்றிய சி4819 எழக்கூடும்.

பழைய நிரல் ஒன்று கையில் வந்திருக்கிறது. எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் அணைக்கும் -டபிள்யூ என்ற சிறிய எழுத்துத் தேர்வு யாராவது ஏற்கெனவே இட்டதா என்று கட்டமைப்புக் கோப்பில் முதலில் பார்த்து, இருந்தால் நீக்குங்கள். பின்னர் ஒரு நேரத்தில் ஓர் எச்சரிக்கை வகையை மட்டும் எடுங்கள். பணம், நிறை, திகதி ஆகியவற்றைத் தொடும் கோப்புகளில் அதை முழுமையாகத் திருத்துங்கள். மற்றக் கோப்புகளின் தலையில் இக்னோர்ட் வரியும் காரணமும் இட்டு, இப்போதைக்கு விடுங்கள். அந்த வகை முடிந்ததும் அதைக் கட்டளை வரியில் பிழையாக்கிவிட்டால், புதிதாக எழுதப்படும் கோப்புகளில் அது மீண்டும் நுழையாது. ஜிசிசி அல்லது கிளாங் பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் நிரல் முழுவதிலும் இக்னோர்ட் என்ற சொல்லைத் தேடி, ஒவ்வொன்றையும் தற்காலிகமாக நீக்கித் தொகுத்துப் பாருங்கள். எச்சரிக்கை எழாவிட்டால் அந்த மூன்று வரிகளையும் மேலுள்ள குறிப்பையும் சேர்த்து அழித்துவிடலாம்.